ட்ரெபிள் கொஞ்சம் கம்மிதான்

ஏனுங்க தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க காதுல ஓடற பாட்டு எனக்கும் கேக்குதுங்க. முழுப்பாட்டு இல்ல, மேல்சத்தம் மட்டும். டிஸ் டிஸ் டிஸ்னு. நிறுத்த வேண்டாம், நிறுத்த வேண்டாம். என்ன மாடல்னு பாக்கலாம்னுதான் கேட்டேன். குடுங்க ஒரு நிமிசம்.

ம். நெனைச்சேன். பேஸை, அதான் அடிச்சத்தத்தை, அள்ளிக் கொட்டி விக்கற சாமானுங்க இது. தபலா அடிச்சா தகர டிரம்மு உருள்றாப்ல இருக்கும். வெச்சுக்குங்க, பரவால்ல.

உங்களுக்குப் பழனிங்களா? எனக்கு உடுமலை. பஸ்ஸு இப்பத்தான் உக்கடம் தாண்டியிருக்குது, நேரம் கெடக்குது. சொல்லட்டுங்களா? இந்த விசயத்துல எனக்கு ஒரு அநியாயம் நடந்துபோச்சுங்க. அதைக் கேட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

என்ற பேரு வெள்ளியங்கிரி. பீளமேட்டுப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லு. அதுல ரிங் ஃபிரேம் டிபார்ட்மென்ட்ல இருபத்தாறு வருசம். ரிங் ஃபிரேம்னா நூல் சுத்தற மெஷினுங்க. ஒரு ஹால்ல பத்தாயிரம் கதிர் ஒரே நேரத்துல சுத்தும். பக்கத்துல நிக்கறவன் காதுக்குள்ள கத்துனாலும் கேக்காது, கையைக் காட்டித்தான் பேசிக்குவோம். காதுல அடைப்பான் வெச்சுக்கச் சொல்லி ஆபீஸ்ல குடுத்தாங்க. எல்லாரும் வெச்சாங்க, நான் வெக்கலீங்க. காதை அடைச்சுக்கிட்டா எந்த மெஷின்ல பேரிங் தேயுதுன்னு எப்படித் தெரியும்? நான் நடந்துபோறப்பவே சொல்லுவேன், பதினேழாம் நம்பரைக் கழட்டிப் பாருன்னு. கழட்டுனா போயிருக்கும். இருபத்தாறு வருசம் அப்படிப் பழக்குன காதுங்க இது. இன்னிக்கு ரிவ்யூ எழுதற பசங்க எவனுக்காவது அந்தப் பயிற்சி உண்டுங்களா?

மில்லை விட்டு வந்ததுக்கு அப்புறந்தான் இந்தப் பைத்தியம் பிடிச்சுது. காந்திபுரத்துல அப்சல்னு ஒருத்தர் மொபைல் கடை வெச்சிருக்கறாரு. அவருதான் வாட்ஸ்அப்ல குரூப் நடத்தறது. நாப்பத்தி மூணு பேரு. ஒரே இயர்போன் ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் சுத்தி வரும். மூணு நாள் கேக்கோணும், கேட்டதை எழுதோணும் (அதுக்கு இம்ப்ரெஷன்னு பேரு), அடுத்த ஆளுக்கு அனுப்போணும். எல்லாரும் இங்கிலீசுல எழுதுவாங்க. நான் தமிழ்ல எழுதினேன். "இதுல பேஸ் எப்படின்னா, கல்யாண வீட்டுல சாம்பார் அண்டாவை நாலு பேரு சேந்து எறக்கி வெக்கறாப்ல இருக்குது"ன்னு எழுதினேன். அப்சல் அதை அச்சடிச்சுக் கடையில ஒட்டிட்டாரு. நாலு வருசம் நாந்தான் அந்தக் குரூப்ல பெரிய கை.

வீட்டுல மட்டும் மதிப்பில்லீங்க. என்ற வீட்டுக்காரி தெய்வானை நல்லவதான். ஒரே கொறை, வாய்க்குள்ளயே பேசுவா. மொதல்ல அப்படியில்ல, ஏழெட்டு வருசமாத்தான். பருப்பு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கறா, நான் செருப்பு வாங்கிட்டு வந்தேன். ஏழாம் நம்பர். அதைத்தான் இன்னிக்கும் போட்டுக்கிட்டிருக்கறா. இப்ப வர்ற சாமானும் தரமில்ல, பாத்துக்குங்க. காலிங் பெல் மூணு மாத்திட்டேன், ஒண்ணும் அடிக்கல. குக்கர் ரெண்டு மாத்திட்டேன், விசிலே வரதில்ல. கேட்டா தெய்வானை தலையில அடிச்சுக்கிட்டு அக்கட்டால போயிருவா.

சரி, கதைக்கு வர்றேன். இந்தச் சித்திரையில ஒரு இயர்போன் வந்துச்சு. வெள்ளி நெறம். பேரு வேண்டாம், கேஸ் கீஸ் போட்டுருவானுங்க. காதுக்குள்ள ஆழமா சொருகறது. எனக்கு முன்னாடி பதினோரு பேரு கேட்டு எழுதிட்டாங்க. பதினோரு பேரும் ஒரே பாட்டு: ட்ரெபிள் தாங்க முடியலன்னு. ட்ரெபிள்னா தெரியுமில்லீங்க? அந்த மேல்சத்தம். வயலின்ல உச்சி, ஜால்ரா, பாடறவங்க வாயில வர்ற 'ஸ'. அதெல்லாம் முன்னால வந்து நிக்குதாம். போத்தனூர்ல ரெஜினா டீச்சர்னு ஒரு அம்மணி, சர்ச்சுல வயலின் வாசிக்கறவங்க. அவங்க என்ன எழுதியிருந்தாங்கன்னா, "ஒரு பாட்டு முழுசாக் கேக்க முடியல, பல்லு கூசுது. ஒவ்வொரு 'ஸ'வுக்கும் பாம்பு சீறுது. ரெண்டாவது நாள் டப்பாவைத் தொடவே பயமா இருந்துச்சு."

நான் மூணு நாளும் கேட்டனுங்க. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். என்ன அருமை! பாலாடை தம்பி, பாலாடை. மனசாட்சியோட எழுதினேன்: "எல்லாம் அளவா இருக்குது. சாயந்தரம் மொட்டை மாடியில காத்து வாங்கறாப்ல இருக்குது. குறைன்னு சொன்னா ஒண்ணே ஒண்ணு. ட்ரெபிள் கொஞ்சம் கம்மிதான். இன்னும் கொஞ்சம் ஏத்தியிருக்கலாம்."

அவ்வளவுதாங்க. குரூப்பே பத்திக்கிச்சு.

ஒருத்தன் "அண்ணா, டப்பாவைக் காதுல வெச்சுக் கேட்டீங்களா"ன்னான். இன்னொருத்தன் கம்பெனிக்காரன் எனக்கு ஏதோ குடுத்துட்டான்னு போட்டான். என்ற நேர்மையைச் சந்தேகப்பட்டுட்டாங்க, பாருங்க. ரெஜினா டீச்சர் மட்டும் தனியா ஒரு மெசேஜ் போட்டாங்க. "கோவிச்சுக்காதீங்ணா. வீட்டுல குக்கர் விசில் கேக்குதுங்களா?" பேச்சை எங்க கொண்டுபோறாங்க பாருங்க. எங்க வீட்டு குக்கர் ரிப்பேர்னு இவங்களுக்கு யாரு சொன்னா? "குக்கர் சரியில்லீங்க அம்மணி, நீங்க இயர்போனைப் பத்திப் பேசுங்க"ன்னு பதில் போட்டேன்.

கடைசியில அப்சல்தான் சமாதானம் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை காலையில கடை மாடிக்கு எல்லாரும் வாங்க, நேருக்கு நேர் உக்காந்து பேசிக்கலாம்னு. பதினாலு பேரு வந்தோம். அன்னிக்கு முகூர்த்த நாள், ஒரு கல்யாணத்துக்குப் போகோணும்னு தெய்வானையும் பட்டுச்சீலை கட்டிக்கிட்டு எங்கூடவே வந்துட்டா. ஓரமா ஸ்டூல்ல உக்காந்திருந்தா.

ரெஜினா டீச்சர் ஒரு ஸ்பீக்கரை நடுவுல வெச்சாங்க. "சத்தம் ஒவ்வொரு படியா மேல போகும். எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. சத்தம் கேட்டாக் கையைத் தூக்குங்க, நின்னதும் எறக்குங்க"ன்னாங்க. நியாயந்தானுங்களே. நானும் கண்ணை மூடினேன். ஆனா ஒரு கண்ணை மட்டும் லேசாத் தொறந்து வெச்சிருந்தேன். ஏமாத்தறதுக்கில்லீங்க! யாராவது ஏமாத்துனா யாரு பாக்கறது?

ஆயிரம் ஹெர்ட்ஸ்ல எல்லாரும் தூக்குனாங்க. நானும் தூக்கினேன். ரெண்டாயிரம், தூக்கினேன். நாலாயிரத்துக்கு மேல போனப்ப என்ற காதுல விழறதுக்கு ஒரு நொடி தாமதமாச்சுங்க. வயசாகுது, கொஞ்சம் தாமதம் இருக்குமில்லீங்க? எதுக்கால இருந்த அப்சல் கையைத் தூக்குன உடனே எனக்கும் கேட்டுரும். அப்படியே எட்டாயிரம், பத்தாயிரம், பன்னண்டாயிரம். எல்லாத்துலயும் பாஸு. "அடுத்தது பதினாலாயிரம்"னாங்க டீச்சர். அப்சல் கை மேல போச்சு. நானும் விருட்டுன்னு தூக்கினேன்.

அப்சல் தாடியைச் சொறிஞ்சுட்டுக் கையைக் கீழ போட்டுட்டாரு.

மாடியில என்ற கை மட்டும் மேல நிக்குது. ரெஜினா டீச்சர் மெதுவாச் சொன்னாங்க, "அண்ணா, நான் இன்னும் பட்டனையே அமுத்தலீங்க."

விடுவனா? "பட்டனை அமுத்தறதுக்கு முன்னாடியே ஸ்பீக்கர்ல ஒரு சன்னமான சத்தம் வரும். அதெல்லாம் உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேட்டுச்சு"ன்னேன். சிரிச்சானுங்க பாருங்க, ஒருத்தன் படிக்கட்டு வரைக்கும் போயிச் சிரிச்சான். அப்சல் சிரிக்கல, ஆனா அவரு தோள்பட்டை ஆடிச்சு. நான் எந்திரிச்சுட்டேன். "என்ற காதை நம்பாத குரூப்புல எனக்கென்ன வேலை"ன்னு சொல்லிட்டுக் கீழ எறங்கி வந்துட்டேன்.

தெய்வானை வர பத்து நிமிசம் ஆச்சு. நிமிந்து பாத்தா மாடி ஜன்னல் பக்கத்துல அவளும் டீச்சரும் நின்னு பேசிக்கிட்டிருக்கறாங்க. டீச்சர் அவ கையைப் பிடிச்சிருந்தாங்க. சரி, சீலை எங்க எடுத்ததுன்னு விசாரிக்கறாங்களாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். கல்யாண வீட்டுல அவ சரியாச் சாப்படல. எனக்கும் எறங்கல.

ரெண்டு வாரம் குரூப்பைத் தொறந்தே பாக்கல. அப்புறம் டீச்சரே போன் பண்ணுனாங்க. நல்லாக் கத்தித்தான் பேசுனாங்க. என்ன விசயம்னா, ராம்நகர்ல அவங்களுக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்குதாம். ஒவ்வொருத்தர் காதுக்கும் தனித்தனியாச் சத்தத்தை அமைச்சு, புது மாதிரி மானிட்டர் செய்யறாங்களாம், பாட்டுக்காரங்க மேடையில காதுல மாட்டிக்கறாங்களே, அது. அதைக் கேட்டு எழுத அனுபவப்பட்ட ஆளு வேணுமாம். "உங்களைவிட்டா யாரு இருக்கறாங்க"ன்னாங்க. பாத்தீங்களா? தப்பு பண்ணுனவங்க தானா வந்து சமாதானம் ஆகறாங்க. பெரியமனுசத்தனமா மன்னிச்சுட்டேன்.

தெய்வானையும் கூட வந்தா. நல்ல ஏற்பாடுங்க. சத்தம் புகாத ஒரு சின்ன ரூம்பு, உள்ள ஒரு நாற்காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டுப் போட்ட பொண்ணு. காதுல மாட்டி விட்டு, கையில பட்டனைக் குடுத்து, கேட்டா அமுத்துங்கன்னாங்க. அமுத்தினேன். நிறைய நேரம் சும்மாவே உக்கார வெச்சிருந்தாங்க, நடுநடுவுல மெஷினு நின்னுருச்சு போல. அப்புறம் கிராஃப் போட்டாங்க. கோடு இடது பக்கம் மட்டமா வந்து, வலது பக்கம் ஊட்டி மலையிலிருந்து மேட்டுப்பாளையம் எறங்கறாப்ல சர்ருன்னு எறங்குது. அந்தப் பொண்ணு, "மில்லுல இருந்தீங்களா சார்?"னு கேட்டுச்சு. எப்படி அம்மணி கண்டுபிடிச்சீங்கன்னேன். "கோடு பாத்தாலே தெரியும் சார்"னுச்சு. அனுபவம் கிராஃப்லயே தெரியுது, பாருங்க!

அதுக்கப்புறம் காதுக்குள்ள பசையாட்டம் ஒண்ணை விட்டு அச்சு எடுத்தாங்க. அதுக்கும் இம்ப்ரெஷன்னுதான் பேராம். நாலு வருசம் நான் இம்ப்ரெஷன் எழுதினேன், இப்ப என்ற காதுலயே எடுக்கறாங்கன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. தெய்வானை சிரிக்கல. கையில மஞ்சப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

பத்து நாள்ல சாமான் வந்துச்சு. இந்தா பாருங்க, காதுக்குப் பின்னால. கைக்கடக்கம். ஒயர் கெடையாது. பாட்டும் கெடையாதுங்க, சும்மா மாட்டிக்கிட்டுத் திரியோணும். "பர்ன்-இன் மூணு வாரம், காலையில மாட்டுனாத் தூங்கறப்பத்தான் கழட்டோணும்"னு டீச்சர் கண்டிசனாச் சொல்லிட்டாங்க. புது இயர்போனை நிறைய நேரம் ஓட விட்டாத்தான் சத்தம் படியும்பாங்க, அதான் பர்ன்-இன். எனக்குத் தெரியாததா?

ஐயோ, மொத நாள்! தெய்வானை கேரிபேக்கைப் பிரிச்சா. காதுக்குள்ள ஓலைக் கூரை பத்தி எரியறாப்ல இருந்துச்சு. கரண்டி விழுந்துச்சு, நான் துள்ளிட்டேன். நான் நடக்கறப்பவே யாரோ பின்னால வர்றாப்ல சத்தம், திரும்பிப் பாத்தா என்ற வேட்டி உரசறது. பாத்ரூம்ல தண்ணி சொட்டுது. எத்தனை வருசமாச் சொட்டுதோ! சாயந்தரம் டீச்சருக்குப் போன் போட்டேன். "டீச்சர், ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. ரிவ்யூன்னா உண்மையத்தான் எழுதோணும். இதுல ட்ரெபிள் ரொம்ப ஜாஸ்தி."

டீச்சர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். அப்புறம், "எழுதுங்ணா. அப்படியே எழுதுங்க"ன்னாங்க.

எழுதினேன். குரூப்புக்குத் திரும்பிப்போயி ரெண்டு பக்கம் எழுதினேன். மானிட்டரோட போட்டோ மட்டும் போட வேண்டாம்னு டீச்சர் சொல்லிட்டாங்க, கம்பெனி ரகசியமாம். நாலு வருசத்துல நான் ட்ரெபிள் ஜாஸ்தின்னு எழுதுனது அதுதான் மொத தடவை. நாப்பத்திரண்டு பேரும் ஹார்ட்டு போட்டாங்க. படிக்கட்டுல போயிச் சிரிச்சானே, அவனும்.

இதோட முடிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும், தம்பி. போன செவ்வாக்கிழமை ஒண்ணு நடந்துபோச்சு.

நான் முன்னால பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கறேன். தெய்வானை கொல்லையில பாத்திரம் வெளக்கிக்கிட்டே போன் பேசறா. அவங்க அக்கா மயிலாத்தாகிட்ட. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா அந்த வீட்டோட ஆறு வருசமாப் பேச்சு வார்த்தை இல்லீங்க. உடுமலையில அவங்க புது வீடு கட்டிக் குடி போனப்ப, பந்தி நடக்கறப்ப, என்ற சகலை செல்லமுத்து எல்லாரு முன்னாடியும் என்னைப் பாத்து, "சகலை, நீங்க பிந்துன பந்தியில உக்காருங்க"ன்னுட்டான். கட்டுன வேட்டி கசங்காம வந்து நிக்கறேன், எல்லாரும் தின்னு முடிச்சதுக்கு அப்புறம் உக்காருன்னா? தெய்வானை கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன். இலை போட்டிருந்துச்சு. அவ பச்சத்தண்ணி குடிக்கல. அன்னிக்கோட அறுத்து விட்டாச்சு. அவங்க மக கல்யாணத்துக்குக் கூடப் போகல, அவளையும் விடல.

இவ என்னடான்னா பின்னால நின்னு பேசிக்கிட்டிருக்கறா. எந்திரிச்சுப் போகலாம்னு பாத்தேன். அப்பத்தான் கேட்டுச்சு.

"மாமா 'முந்துன பந்தி'ன்னுதான் சொன்னாரு அக்கா, நான் பக்கத்துலதான நின்னேன். இவருக்கு அது 'பிந்துன'ன்னு விழுந்திருக்குது. எத்தனை தடவை சொல்லிப்போட்டேன், சொன்னாக் கேக்கற காதா அது? இப்பத்தான் மெஷின் மாட்டியிருக்குது. காது மெஷின்னு சொன்னாக் கழட்டி எறிஞ்சுருவாரு, டீச்சரம்மாதான் பாவம் வழி சொன்னாங்க. என்னமோ மானிட்டருன்னு சொல்லி வெச்சிருக்கறோம். நீயும் வாயை விட்டுறாத."

கேட்டுச்சுங்க. ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு.

பேப்பரைத் திருப்பினேன். அது வேற அவ்வளவு சத்தம் போட்டுச்சு.

ஒரு எழுத்துதானுங்களே தம்பி? மு-வா, பி-யா. அதுக்கு ஆறு வருசம். அவங்க அக்கா மகளைத் தூக்கி வளத்தவ தெய்வானை. கல்யாணத்தன்னிக்கு இவ காலையிலயே தலைக்குக் குளிச்சுட்டு வந்து, சும்மா அடுப்படியில நின்னா. என்ன விசேசம்னு கேட்டேன். ஏதோ சொன்னா. எனக்கு விளங்கல. திருப்பியும் கேக்கல நானு.

இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். தெய்வானைக்கு இதெல்லாம் விவரம் பத்தாது. இதைப் போயி காது மெஷின்ங்கறா. மெஷினாவே இருக்கட்டும், போகட்டும். தெரிஞ்சுக்கிட்டேன்னு அவகிட்ட நான் காட்டிக்கவே இல்ல. அவ மறைக்கறா, நானும் மறைக்கறேன். அதனால இன்னொரு லாபமும் இருக்குதுங்க. பழைய பழக்கத்துல, கேக்காதுன்னு நெனைச்சு அவ என்னைப் பத்தி என்னென்ன சொல்றாங்கறீங்க! நேத்துக் காலையில மட்டும் எனக்கு மூணு பட்டப்பேரு வெச்சிருக்கறா. ஒண்ணு கூடத் தப்புன்னு சொல்ல முடியாது.

இன்னிக்கு எதுக்கு உடுமலைன்னு கேக்கறீங்களா? மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனைச்சுக்காதீங்க. அந்தப் பழக்கமே எனக்குக் கெடையாது. செல்லமுத்துவை எதுக்கால நிக்க வெச்சு, ரெண்டையும் சொல்லச் சொல்லப் போறேன். முந்துன பந்தி, பிந்துன பந்தி. வித்தியாசம் கேக்குதான்னு பாக்கோணும். கேட்டுச்சுன்னா... கேட்டுச்சுன்னா தெரியலீங்க. சாப்பாட்டு நேரமாப் பாத்துத்தான் கெளம்பியிருக்கறேன். உக்காரச் சொன்னா உக்காந்துக்குவேன்.

இந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்க தம்பி, தலைமுடிக்குள்ள மறைஞ்சிருக்குதா? அவன் பாத்தான்னா மெஷினான்னு கேப்பான். மானிட்டர்னுதான் சொல்லப்போறேன்.

இருங்க, போன் அடிக்குது. தெய்வானைதான்.

"ஆங், சொல்லு... அப்சல் கடையிலதான் இருக்கறேன். ஆமா, புது மாடல் வந்திருக்குது... என்னது? ...அது... அது ரோட்டுல போற பஸ்ஸு."

அப்சல் கடையில எதுக்குங்க கண்டக்டர் உடுமலை உடுமலைன்னு கத்தறாருங்கறா, தம்பி! அவளுக்குக் காது நல்லாத்தான் இருக்குது.

இருங்க. மூக்கை உறிஞ்சறா.

"தெய்வானை... ஏ புள்ள, இருக்கறயா? ...ம். ...ம். சரி."

வெச்சுட்டா. "வெறுங்கையோட போகாதீங்க, அக்காவுக்கு மைசூர்பாகுன்னா உசுரு"ன்னா. வாய்க்குள்ளதான் சொன்னா. மைசூர்பாகுன்னு தெளிவாக் கேட்டுச்சுங்க.

கொஞ்சம் காலை எடுங்க தம்பி, எறங்கிக்கறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்ல பேக்கரி ஏதாவது தெரியுங்களா?